தாலி ஏறுனா இனிஷியலும் மாறணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பல்லடம் பக்கத்துல பத்து வருஷமா பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன். ஜெராக்ஸ்ல ஆரம்பிச்சு பான் கார்டு, பாஸ்போர்ட், பட்டா, வாரிசு சான்றிதழ் வரைக்கும் எது அப்ளை பண்ணணும்னாலும் நான்தான் உக்காந்து டைப் அடிச்சுத் தர்றது. தை மாச முகூர்த்தம் எல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல புதுசா கல்யாணம் ஆன ஜோடிங்க வர ஆரம்பிச்சிருவாங்க. பொண்ணு கழுத்துல மஞ்சக் கயிறு இன்னும் புதுசாவே இருக்கும், கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும், மாப்ள சொல்வாரு, "அக்கா, இவ ஆதார்ல இனிஷியல் மாத்தணும்"னு. எதுக்கு கண்ணு மாத்தணும்னு கேட்டா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவாங்க, அப்புறம் "கல்யாணம் ஆயிருச்சுல்ல, மாத்தணும்ல?"னு என்னையே திருப்பிக் கேப்பாங்க.

இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டே இருந்தேன், இந்த வருஷம் என் மகளுக்கே வரன் முடிவாயிருக்கு, இனியும் தள்ளிப் போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

முதல்ல ஒண்ணு. கல்யாணம் ஆனா பொண்ணு தன் பேரையோ இனிஷியலையோ மாத்தியே ஆகணும்னு இந்தியாவுல எந்தச் சட்டமும் இல்லீங்க. 1955 இந்து திருமணச் சட்டத்துலயும் அப்படி எதுவும் இல்ல, 2009ல நம்ம தமிழ்நாட்டுல எல்லாக் கல்யாணத்தையும் கட்டாயம் பதியணும்னு ஒரு சட்டம் வந்துச்சே, அதுலயும் இல்ல. கல்யாணச் சர்டிபிகேட்டுங்கறது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடந்துச்சுங்கறதுக்குச் சாட்சி, அவ்வளவுதான், அதை வாங்குனதாலயே யாரு பேரும் மாறிடாது. ஆனா இதை அந்தப் புள்ளைங்ககிட்ட யாருமே சொல்றது இல்ல. வீட்டுல பெரியவங்க ஒண்ணு சொல்வாங்க, பேங்க் கவுண்டர்ல ஒருத்தர் ஒண்ணு சொல்வாரு, ஃபிரண்டு ஒருத்தி ஒண்ணு சொல்லுவா. கடைசில யாரு முடிவு பண்ணாங்கன்னு பாத்தா கட்டிக்கிட்ட ரெண்டு பேரைத் தவிர மத்த எல்லாரும் முடிவு பண்ணிருப்பாங்க.

என் கதையவே சொல்றேன். எங்கப்பா தறி ஓட்டுனவரு, கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்க வீட்டுலயே முதல்ல பத்தாவது பாஸ் பண்ணது நான்தான். அந்த மார்க் ஷீட்டை அவரு சோமனூர் போயி பிளாஸ்டிக் கவர் போட்டுட்டு வந்து பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில வச்சாரு, யாராவது சொந்தக்காரங்க வந்தா எடுத்துக் காட்டுவாரு. என் பேருக்கு முன்னாடி இருக்கற அந்த ஒத்தை எழுத்து மேல விரலை வச்சு "இது நான்"னு சொல்வாரு. 1997ல ஒரு பனியன் கம்பெனில வேலைக்குச் சேந்தப்ப பிஎஃப்ல அதே எழுத்தோடதான் பேர் ஏறுச்சு. 1999ல கல்யாணம். வீட்டுக்காரர் ஊர் ரேஷன் கார்டுல என் பேரைச் சேக்கப் போனோம், அங்க உக்காந்திருந்தவரு என்னை ஒரு வார்த்தை கேக்கல, வீட்டுக்காரர் இனிஷியலைப் போட்டு என் பேரை எழுதிட்டாரு. நானும் ஒண்ணும் சொல்லல, சொல்லணும்னு கூட அப்பத் தோணல. ரேஷன் கார்டைப் பாத்து ஓட்டர் ஐடி, ஓட்டர் ஐடியப் பாத்து 2012ல ஆதார். இப்படியே ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் கேக்காம எழுதுன ஒரு எழுத்து என் பேராவே ஆயிருச்சு.

2019ல மகளை காலேஜ்ல சேக்கணும், பிஎஃப் காசை எடுக்கலாம்னு போனா ஆதார்ல ஒரு பேரு பிஎஃப்ல ஒரு பேரு, கிளெயிம் ரிஜெக்ட். ஜாயின்ட் டிக்ளரேஷன் ஃபாரம்ல பழைய கம்பெனில கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னாங்க, கம்பெனி அதுக்குள்ள கை மாறிருச்சு, புது ஓனருக்கு என்னை யாருன்னே தெரியாது. நோட்டரிகிட்ட அஃபிடவிட், அந்தப் பேரும் இந்தப் பேரும் ஒரே ஆளுதான்னு. மொத்தம் 11 மாசம் ஆச்சுங்க. அந்த வருஷ காலேஜ் ஃபீஸுக்கு என் செயின் அடகுக்குப் போச்சு. 18 வருஷம் உழைச்ச காசு, என் காசு, அது என்னோடதுதான்னு நான் நிரூபிக்க வேண்டியதாப் போச்சு. நிரூபிக்க என்கிட்ட இருந்த ஒரே உருப்படியான ஆதாரம் எங்கப்பா பீரோவுல வச்ச அந்த மார்க் ஷீட்தான்.

இது என் ஒருத்தியோட கதைன்னா நான் பேப்பருக்கு எழுத மாட்டேன். 2023 ஜூன்ல பான் ஆதார் லிங்க் பண்ண கடைசித் தேதின்னு ஆயிரம் ரூவா ஃபைனோட கூட்டம் அலைமோதுச்சே, அப்ப என் கடைக்கு வந்து லிங்க் ஆகாம நின்னவங்கள்ல முக்காவாசி கல்யாணம் ஆன பொம்பளைங்கதான். பான் கார்டுல எப்பவும் அப்பா பேருதான் கேப்பாங்க, கல்யாணம் ஆனவங்களுக்கும் அப்படித்தான், புருஷன் பேருக்கு அதுல இடமே கிடையாது. 2018 டிசம்பர்ல இருந்து அம்மா மட்டும் தனியா வளத்த புள்ளையா இருந்தா அம்மா பேரு மட்டும் போட்டுக்கலாம்னு வந்துச்சு. அப்படிக் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பான்ல அவங்க பேரோட அப்பா பேரு, ஆதார்ல புருஷன் இனிஷியல், எப்படிங்க பொருந்தும்? அதோட ஆதார்ல பேரை வாழ்க்கைக்கே ரெண்டு தடவைதான் மாத்த முடியும், நிறையப் பேருக்கு இது தெரியறதில்ல. கல்யாணத்துக்கு ஒரு தடவை ஆசையா மாத்திட்டு, பான் பொருந்தலைன்னு இன்னொரு தடவை பழையபடி மாத்திட்டு, அப்புறம் ஸ்பெல்லிங் தப்புன்னு மூணாவது தடவை வந்து நிப்பாங்க, என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஓட்டர் லிஸ்ட் திருத்தம் வந்தப்பவும் இதே கதைதான், இருபது வருஷத்துக்கு முந்தின லிஸ்ட்ல பேரைத் தேடணும்னதும் ஆம்பளைங்க அதே ஊரு அதே தெருவுல அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க, பொம்பளைங்க அம்மா வீட்டு ஊரு, பழைய இனிஷியல், அப்பா பேருன்னு தேடிட்டு உக்காந்திருந்தாங்க.

இப்ப பாஸ்போர்ட் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்தக் காலத்து ஜோடிங்களுக்குள்ள நிஜமாவே பேச்சு வர்றது அங்கதான்.

நமக்கு சர்நேம்னு, அதாவது குடும்பப் பேருன்னு ஒண்ணு கிடையாது. அப்பா பேரோட முதல் எழுத்து, அப்புறம் நம்ம பேரு, முடிஞ்சுது. பாஸ்போர்ட்ல இனிஷியல் போட விட மாட்டாங்க, விரிச்சு முழுசா எழுதணும், நம்ம பேருக்கு கிவன் நேம்னு ஒரு கட்டம், சர்நேம்னு ஒரு கட்டம். சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டாலும் பாஸ்போர்ட் வரும். ஆனா அமெரிக்கா விசால அப்படி ஒத்தைப் பேரா இருந்தா அந்தப் பேரைத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு முதல் பேரு இருக்கற இடத்துல எஃப்என்யூன்னு அடிச்சிருவாங்க, முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம். 2022 நவம்பர்ல துபாய்க்காரங்க ஒத்தைப் பேர் இருக்கற பாஸ்போர்ட்ல விசிட் விசாவுக்கு உள்ள விட மாட்டோம்னாங்க, அப்புறம் அப்பா பேரு பாஸ்போர்ட் உள்பக்கத்துல இருந்தாப் போதும்னு இறங்கி வந்தாங்க. அந்த ரெண்டு மூணு வாரம் என் கடை போன் ஓயவே இல்ல. அதனால இப்ப எல்லாரும் சர்நேம் கட்டத்துல எதையாவது போடத்தான் பாக்கறாங்க.

போன வருஷம் ஆவணில ஒரு ஜோடி வந்துச்சு, பையனுக்கு ஜெர்மனில வேலை, பொண்ணு எம்எஸ்சி. கல்யாணம் ஆகி 20 நாள். பொண்ணுக்கு முதல் பாஸ்போர்ட், நான் டைப் அடிச்சிட்டே வந்து சர்நேம் கட்டத்துல நிறுத்திட்டு என்ன போடறதும்மான்னு கேட்டேன். பையன் உடனே அவன் பேரைச் சொன்னான். பொண்ணு ஒண்ணும் பேசல, ஃபைல்ல இருந்து பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி, எம்எஸ்சி நாலு சர்டிபிகேட்டையும் எடுத்து மேஜை மேல வரிசையா வச்சுது. நாலுலயும் ஒரே இனிஷியல், அவங்கப்பாவோடது. "அங்க போயி நானும் வேலை தேடணும்ல, இதுல ஒரு பேரு பாஸ்போர்ட்ல ஒரு பேருன்னா என்ன பண்றது"ன்னு மெதுவாத்தான் கேட்டுச்சு. பையன் கோவப்படல, ஆனா மூஞ்சி வாடிப் போச்சு. "அப்ப நீ என் வொய்ஃப்னு எப்படித் தெரியும்"னான். பாவம், அவன் கேட்டதும் நிஜமான கேள்விதான், ஆதிக்கம் பண்றதுக்காகக் கேக்கல.

நான் என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுனேன். அப்பா பேரு, அம்மா பேரு, அதுக்குக் கீழ கணவர் பேருன்னு தனி வரி இருக்கு. அவன் வொய்ஃப்னு தெரியறதுக்கு அந்த வரி போதும், அவ பேரை மாத்த வேண்டியதில்ல. 2017 ஏப்ரல்லயே பிரதமர் சொல்லிட்டாரு, கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணுங்க பாஸ்போர்ட்ல பேர் மாத்த வேண்டியதில்லைன்னு. அதையும் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் இன்னொண்ணு கேட்டேன், தம்பி உன் பாஸ்போர்ட்ல சர்நேம் என்னன்னு. அவங்கப்பா பேரு. அப்ப அங்க ஜெர்மனில உன்னையவே எல்லாரும் உங்கப்பா பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவாங்க, இவ உன் பேரைப் போட்டுக்கிட்டாலும் ரெண்டு பேருக்கும் சர்நேம் வேற வேறதானே, ஒரே குடும்பம்னு எப்படித் தெரியப் போகுதுன்னேன். அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. வெள்ளக்காரங்க மாதிரி தலைமுறை தலைமுறையா வர்ற ஒரு பேரு நமக்கு இருந்தா புருஷன் பேரைப் போட்டுக்கறதுக்கு ஒரு கணக்காவது இருக்கும், நம்மகிட்ட இருக்கறது அப்பன் பேரு, அதை மாத்துனா மாறறது அப்பன்தான். அந்தப் பொண்ணு அவங்கப்பா பேரையே சர்நேம்ல போட்டுச்சு. சப்மிட் பட்டனை அந்தப் பையன்தான் அமுத்துனான்.

நமக்கு சர்நேம் இல்லாததை ஒரு குறை மாதிரி பேசறவங்களைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும்ங்க. நமக்கு வால் பேரு இல்லாமலா இருந்துச்சு? ஜாதிப் பேரு எல்லார் பேருக்குப் பின்னாலயும் தொங்கிட்டுதான் இருந்துச்சு. 1929 பிப்ரவரில செங்கல்பட்டுல சுயமரியாதை மாநாடு போட்டு ஜாதிப் பட்டத்தைப் பேருக்குப் பின்னால போடறதை விடுங்கன்னு தீர்மானம் போட்டாங்க, பெரியார் தன் பேருல இருந்த பட்டத்தையே விட்டாரு. நம்ம தாத்தன் பாட்டன் காலத்துல கஷ்டப்பட்டுக் கழட்டி வச்சதுங்க அது. இன்னைக்கு என் கடைக்கு வர்ற சின்னப் பசங்கள்ல சில பேரு "அக்கா, சர்நேம் கட்டத்துல எங்க ஜாதியப் போட்டுக்கலாமா, அப்ப குடும்பத்துக்கே ஒரே பேரா இருக்கும்ல"னு கேக்கறாங்க. சட்டப்படி போடலாம், தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் வேண்டாம் கண்ணுன்னு சொல்லிடறேன், ஒரு காலிக் கட்டத்தை நிரப்பறதுக்காக அதைத் திரும்ப எடுத்து மாட்டிக்காதீங்கன்னு. சில பேரு கேக்கறாங்க, சில பேரு அடுத்த கடைக்குப் போயிடறாங்க.

"புருஷன் இனிஷியல் போட்டாத்தான் குடும்பப் பொம்பளை, அதுதான் நம்ம கலாச்சாரம்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு கேக்கறேன். எங்க கொடுமுடிக்காரங்க கே.பி. சுந்தராம்பாள், அந்த கே.பி.ங்கறது கொடுமுடி பாலாம்பாள். பாலாம்பாள் அவங்க அம்மா. கிட்டப்பாவைக் கல்யாணம் பண்ணியும் அவங்க கே.பி.தான். எம்.எஸ். சுப்புலட்சுமி, மதுரை சண்முகவடிவு, அதுவும் அம்மா பேரு, 1940ல சதாசிவத்தைக் கட்டுனாங்க, எம்.எஸ்.ஸாவேதான் உலகம் பூரா பாடுனாங்க. எம்.எல். வசந்தகுமாரியோட எல் அவங்க அம்மா லலிதாங்கி. டி.கே. பட்டம்மாளுக்கு ஊரு தாமல், கே அப்பா கிருஷ்ணசாமி, கல்யாணத்துக்கு அப்புறமும் அதேதான். இவங்கள்ல முதல் மூணு பேரு அம்மா பேரை வச்சதுக்கு அந்தக் காலத்து சமூகக் காரணம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா இவங்க குரலைக் கேட்டுத்தான் நம்ம வீடுங்கள்ல பொழுது விடிஞ்சுது, இவங்கள்ல யாரையாவது இனிஷியல் மாத்தலைன்னு நாம குறைச்சு நினைச்சோமா? மலேசியாவுல நம்ம தமிழ்ப் பொண்ணுங்க ஐசிங்கற அடையாள அட்டைல ஏபின்னு போட்டு அப்பா பேருதான் இருக்கும், இன்னார் மகள்னு அர்த்தம், கல்யாணம் ஆனாலும் அது மாறாது. அங்க யாரு குடும்பமும் அதனால கெட்டுப் போகல.

ஜப்பான்ல மட்டும்தான் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே குடும்பப் பேரு வச்சே ஆகணும்னு சட்டமே இருக்குன்னு படிச்சேன், புருஷன் மாறலாம் பொண்டாட்டி மாறலாம்னு இருந்தாலும் மாறறது கிட்டத்தட்ட எல்லாமே பொண்ணுங்கதான், 2015லயும் 2021லயும் அங்க சுப்ரீம் கோர்ட்டுக்கே போயி தோத்திருக்காங்க. அவங்களுக்குச் சட்டம் கட்டிப் போட்டிருக்கு. நமக்கு அப்படி ஒண்ணுமே இல்லாதப்ப நாமளே போயி ஏன் கட்டிக்கணும்?

சில பொண்ணுங்க மனசார ஆசைப்பட்டு மாத்தறாங்க, அவங்களை நான் தப்பே சொல்ல மாட்டேன். அப்பாவால சின்ன வயசுல இருந்து அடியும் உதையும் வாங்குன ஒரு புள்ள வந்து, "அக்கா அந்த எழுத்தே எனக்கு வேண்டாம்"னு அழுதுச்சு, அதுக்கு நானே கூட இருந்து எல்லாத்தையும் மாத்திக் குடுத்தேன். மாத்தறதுன்னா அரைகுறையா மாத்தாதீங்கன்னு மட்டும் சொல்றேன். கெஜட்ல, அதாவது அரசிதழ்ல அறிவிப்புக் குடுத்து, அந்தக் காப்பிய வச்சு ஆதார், பான், பேங்க், பிஎஃப்னு ஒரே மூச்சா மாத்தணும், ஒண்ணை மாத்தி ஒண்ணை விட்டா பத்து வருஷம் கழிச்சு எங்கயாவது கழுத்தைப் பிடிக்கும். இன்னொரு கஷ்டமும் இருக்கு, வெளிய சொல்லக் கூசற கஷ்டம். கல்யாணம் முறிஞ்சா திரும்பப் பழைய பேருக்கு வரணும்ல? மத்திய அரசு கெஜட்ல பழைய பேருக்கு மாறணும்னா டைவர்ஸ் பேப்பர் குடு, இல்ல புருஷன்கிட்ட ஆட்சேபனை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வான்னு ஒரு அறிவிப்பு இருந்துச்சு, 2024ல டெல்லி ஹைகோர்ட்ல ஒரு அம்மா அதை எதிர்த்து கேஸ் போட்டாங்க. போறப்ப யாரும் எதுவும் கேக்கல, திரும்பி வர்றப்ப மட்டும் அந்த ஆளோட கையெழுத்து வேணுமாம்.

புள்ளைங்க இனிஷியலைப் பத்தியும் இப்பல்லாம் பேசிக்கறாங்க, அது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அம்மா எழுத்து ஒண்ணு அப்பா எழுத்து ஒண்ணுன்னு ரெண்டு இனிஷியலோட ஸ்கூல் அப்ளிகேஷன் போட வர்றவங்க வருஷா வருஷம் கூடிட்டேதான் இருக்காங்க. 2022 ஜூலைல சுப்ரீம் கோர்ட் கூட சொல்லுச்சு, அப்பா இறந்து அம்மா மறுமணம் பண்ணிக்கிட்ட குடும்பத்துல புள்ளைக்கு என்ன குடும்பப் பேரு வைக்கறதுன்னு முடிவு பண்ற உரிமை அம்மாவுக்கு இருக்குன்னு.

என் மகளும் மாப்ளையும் நிச்சயம் முடிஞ்ச மறுநாளே என் கடையிலதான் உக்காந்து பேசுனாங்க, நான் வேணும்னே டீ வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப மக சொன்னா, "அம்மா, நான் அப்பா இனிஷியல்லயே இருக்கேன், அவரும் அவங்கப்பா இனிஷியல்லயே இருக்காரு, புள்ள பொறந்தா ரெண்டு பேரு எழுத்தும்"னு. இதுக்கு அவங்களுக்குப் பத்து நிமிஷம்தான் ஆச்சு. சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் சங்கடம், "ஊர்ல கேப்பாங்களே"ன்னாங்க. என் பிஎஃப் கதையச் சொன்னேன். அவங்க அம்மா வீட்டு நிலத்துப் பத்திரத்துல அவங்க பேரு ஒரு இனிஷியல்லயும் ஆதார்ல இன்னொரு இனிஷியல்லயும் இருக்கறது அப்பத்தான் அவங்களுக்கே ஞாபகம் வந்துச்சு, அடுத்த வாரம் ஃபைலோட வர்றேன்னு சொல்லிருக்காங்க.

உங்க பேப்பர் மூலமா அரசாங்கத்துக்கு நான் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்தைப் பதியறதுக்குப் பெரும்பாலான ஜோடிங்க சார்பதிவாளர் ஆபீஸுக்குத்தான் போறாங்க. அங்க ஃபாரம் வாங்கற இடத்துல நல்லா கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு போர்டு வைங்க: திருமணத்துக்குப் பின் மணமகள் பெயரையோ முதலெழுத்தையோ மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லைன்னு. ரெண்டு வரிதான். எங்க ஊர் ஆபீஸுக்கு வேணும்னா என் செலவுலயே பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணித் தர்றேன், எப்பக் கொண்டு வரட்டும்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகி,
பல்லடம்.